மூன்று சந்தைக்கு ஒரு ஊசி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இதை எழுத எனக்குத் தைரியம் வந்திருக்காது. ஆஸ்பத்திரிகளுக்கும் மருத்துவ ஆராய்ச்சிகளுக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தருவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அந்தப் பிழைப்பில் நான் செய்த தப்புகளில் பெரிய தப்பு இதுதான். முதல் வேலையிலேயே செய்தேன்.

அதற்கும் முன்னால் ஒரு ரேஷன் கடை வருகிறது. எழுபதுகளில் நாங்கள் மேலப்புதூரில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த தெருவில் குடியிருந்தோம். அப்பா ஸ்கூல் வாத்தியார். ரேஷன் கடைக்குப் போகும்போதெல்லாம் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். பை தூக்குவதற்கு அல்ல. அந்தத் தெம்பெல்லாம் எனக்குக் கிடையாது. கார்டு யார் பேரில் என்று கடைக்காரர் கேட்பார். அம்மா அப்பாவின் பெயரை வாயால் சொல்லமாட்டாள். கிறிஸ்தவர்களிடம் இதெல்லாம் கிடையாது என்று நினைப்பவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்ற விஷயத்தில் அங்கே மதபேதமே இருந்ததில்லை. அம்மா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாள். நான் அப்பாவின் பெயரை இனிஷியலோடு கத்துவேன். வரிசையே திரும்பிப் பார்க்கும். எனக்கு அப்போது எட்டு வயது. அதைவிடப் பெரிய உத்தியோகம் உலகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியாது.

அப்புறம் கணக்கில் பட்டம் வாங்கினேன். மதராஸில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒரு கம்பெனியில் சில வருஷம் புரோகிராம் எழுதினேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு எண்பதுகளின் கடைசியில் திருச்சிக்கே திரும்பி வந்தேன். வாடகை குறைவு என்பதால் ஸ்ரீரங்கத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் அறை பிடித்து, வாசலில் ‘கன்சல்டன்ட்’ என்று போர்டு மாட்டினேன். முதல் வாரம் படியேறி வந்த ஒரே ஆள் வயிற்றுவலிக்கு மருந்து கேட்டு வந்தவர். சுக்குக் கஷாயம் குடிக்கச் சொல்லி அனுப்பினேன். சரியாகிவிட்டது என்று மறுநாள் வந்து சொல்லிவிட்டும் போனார்.

இரண்டாவதாக வந்தவர் நிஜமான டாக்டர். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் இதய நோய்க்குத் தனியாக கிளினிக் நடத்திக்கொண்டிருந்த அம்மா. தொண்டையில் புண் வந்து, மூட்டெல்லாம் வீங்கி, கடைசியில் இதயத்தின் வால்வைப் போய்ப் பிடிக்கிற ஒரு காய்ச்சல் உண்டு. ஒருதரம் வந்த குழந்தைக்கு மறுபடி வராமலிருக்க இருபத்தோரு நாளுக்கு ஒருதரம் பென்சிலின் ஊசி போட வேண்டும். அதுவும் வருஷக்கணக்கில். ஊசி தவறினால் காய்ச்சல் திரும்பலாம். திரும்பினால் வால்வு இன்னும் கெடும். லால்குடி, சமயபுரம், ஜீயபுரம் என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் குழந்தைகள் அவரிடம் வந்தார்கள். யார் ஒழுங்காக வருகிறார்கள், யாருக்கு நோய் கூடுகிறது என்று தொடர்ந்து பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

“கார்டை வச்சுக்கிட்டு முழி பிதுங்குதும்மா,” என்றார். “சீட்டைத் தொலைச்சிட்டு வர்றாங்க, கவுண்டர்ல புது நம்பர் போட்டுடறாங்க. ஒரே பிள்ளைக்கு மூணு கார்டு இருக்கு. யாருக்கு ஊசி தவறிச்சுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள அடுத்த ஊசி வந்துடுது.”

“இவ்வளவுதானே? விடுங்க, நான் பாத்துக்கறேன்,” என்றேன். அந்த வயதில் எனக்கு எல்லாமே ‘இவ்வளவுதான்’.

மூன்று மாதத்தில் எழுதி முடித்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு பழைய ஸ்டோர் ரூமுக்கு ஏசி போட்டு, கம்ப்யூட்டருக்குப் பூ வைத்து, பொட்டும் வைத்துவிட்டார்கள். புரோகிராமில் நான் ரொம்பப் பெருமைப்பட்ட விஷயங்கள் இரண்டு. குழந்தையின் பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றும் ஒன்றாக இருந்து வயதும் ஒத்துப்போனால், அது ஒரே குழந்தை என்று மெஷின் தானாகவே முடிவு செய்து, கார்டுகளை ஒன்றாகச் சேர்த்துவிடும். இது ஒன்று. இன்னொன்று, எந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியாது. விட்டால் மெஷின் ‘பீப்’ என்று கத்தும், அடுத்த கட்டத்துக்கு நகராது. அரைகுறையாக எழுதி வைப்பது எனக்கு எப்போதும் ஆகாது.

பழைய கார்டுகளைப் பார்த்து மெஷினில் ஏற்ற ஒரு டைப்பிஸ்ட்டை வைத்தோம். ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. தினமும் சைக்கிளில் காவேரிப் பாலம் தாண்டி வருவார். தப்பே விடமாட்டார், பேசவும் மாட்டார். எனக்கு இரட்டிப்பு சந்தோஷம்.

அதற்கப்புறம் தினமும் காலையில் அன்றைக்கு ஊசி போட வேண்டிய பிள்ளைகளின் பட்டியல் பிரிண்டரில் வந்தது. வாரம் ஒருமுறை, வராதவர்களின் பட்டியல். அதை எடுத்துக்கொண்டு ஹெல்த் விசிட்டர் அக்கா வீடு வீடாகத் தேடிப் போவார். “ஆளைப் பார்த்து, ஞாபகத்தை நம்பி எல்லாம் ஊசி போடாதீங்க, பேப்பரைப் பாருங்க,” என்று நர்ஸ்களிடம் கறாராகச் சொல்லி வைத்திருந்தேன். அவர்களும் பேப்பரைத்தான் பார்த்தார்கள்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். ஊசி போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா ஒன்பது வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பெண்ணுக்கு அப்போதுதான் போட்ட மொட்டை, தலையில் சந்தனம். அந்த அம்மாவின் பையிலிருந்து கருவாட்டு வாசனை வந்தது. நர்ஸ் மூக்கைச் சுளித்துக்கொண்டே பெயர் கேட்டார். அம்மனின் பெயர்தான் அந்தப் பெண்ணுக்கும். ஊர் சமயபுரம்.

நர்ஸ் பேப்பரைப் புரட்டினார். “எட்டு நாளைக்கு முன்னாடிதான் போட்டிருக்கு. இன்னும் பதிமூணு நாள் கழிச்சு வாங்க.”

“இல்லம்மா. மூணு சந்தை ஆயிடுச்சு. நேத்தோட மூணு.”

“சந்தையெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. கம்ப்யூட்டர்ல வந்திருக்கு, பாருங்க.”

அந்த அம்மா பேப்பரைப் பார்த்தார். அது இங்கிலீஷில் இருந்தது. பிறகு, படித்தவள் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நான் தலையாட்டினேன். அவர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டில் நான் அடித்த பெருமைக்கு அளவில்லை. கணக்குத் தெரியாத அம்மா ஒன்று, அதன் பெண்ணுக்கு இரண்டு ஊசி போய்விடாமல் என் மெஷின் தடுத்துவிட்டது என்று சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு அப்பாவிடம் விலாவாரியாகச் சொன்னேன். மூன்று சந்தை என்று அந்த அம்மா சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டிச் சிரித்தேன். அம்மா மட்டும், “அவளுக்குச் சந்தை எப்பன்னு தெரியாதாடி?” என்று கேட்டாள். அம்மாவுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றப் போன ஒரு காலையில், அதே பெயரையும் ஊரையும் நர்ஸ் கூப்பிடுவது காதில் விழுந்தது. நம்முடைய மொட்டைப் பெண்ணாயிற்றே என்று எட்டிப் பார்த்தேன். எழுந்து வந்த பெண்ணுக்கு இடுப்பு வரைக்கும் இரட்டைச் சடை.

இரண்டு மாதத்தில் மொட்டைத் தலையில் அவ்வளவு முடி வளராது. இதைப் புரிந்துகொள்ளக் கணக்கில் பட்டம் தேவையில்லை. இருந்தும் எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. 

“இது வேற பொண்ணாச்சே,” என்றேன் நர்ஸிடம்.

“பேரு, ஊரு, வயசு எல்லாம் சரியா இருக்கே. நீங்கதானே பேப்பரைப் பாக்கச் சொன்னீங்க?”

ஏசி ரூமுக்கு ஓடினேன். மெஷினில் ஒரு குழந்தை, ஒரே நம்பர். பழைய கார்டுக் கட்டை அலமாரி மேலிருந்து இறக்கிப் பிரித்தால் இரண்டு கார்டு, இரண்டு குழந்தைகள். மொட்டைப் பெண்ணின் கார்டு, அந்த அம்மா வந்த வாரம்தான் மெஷினில் ஏறியிருந்தது. இரண்டு கார்டிலும் அப்பா பெயருக்கு நேரே வெறும் கோடு. ஆனால் மெஷினில் அப்பா பெயர் இருந்தது, இரண்டு பேருக்கும் ஒரே பெயர்.

டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டுக் கத்தினேன். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் எழுந்து நின்றுகொண்டார்.

“காலியா விட்டா அது நகர மாட்டேங்கறது. அந்த அம்மாக்கள் ஆத்துக்காரர் பேரைச் சொல்றதில்லை போலிருக்கு, கவுண்டர்ல கோடு போட்டுட்டா. நான் என்ன பண்ணுவேன்? பேர் தெரியாத இடத்துல அந்தந்த ஊர் தெய்வத்தோட திருநாமத்தைப் போட்டுட்டேன். ஸ்ரீரங்கத்துக்காரான்னா பெருமாள் திருநாமம். சமயபுரம்னா அம்மன் பேரைச் சேத்து ஆம்பளைக்கு வைக்கற பேர். அவளும் எங்க பெருமாளுக்குத் தங்கைதானே, அடியேனுக்கு அதுல பேதம் கிடையாது.”

இன்னும் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். மெஷின் ‘பீப்’ என்று கத்துவது போல என் காதில் கேட்டது. காலிக் கட்டத்துக்கு அதைக் கத்தச் சொன்னது யார்? வாயை மூடிக்கொண்டேன். பெயர் சொல்லாத அம்மாக்கள் பலர் இருந்தார்கள். அந்த நாலு விஷயமும் ஒன்றாக ஒட்டிக்கொண்ட ஜோடி இது ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றில், ஊசிக்குச் சரியான நாளில் வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். இரட்டைச் சடை ஒழுங்காக வந்து ஊசி போட்டுக்கொண்டதால், மொட்டைத்தலை வராதது எந்தப் பட்டியலிலும் வரவில்லை. ஹெல்த் விசிட்டர் அக்காவும் தேடிப் போகவில்லை. மூன்று ஊசி போயிருக்கும்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணின் கார்டை எடுத்துப் பார்த்தார். “இதுக்கு ஏற்கெனவே வால்வுல கசிவு இருக்கு,” என்றார். “முதல்ல பொண்ணைக் கண்டுபிடிங்க. திட்டறதை அப்புறம் வச்சுக்கலாம்.”

நானும் ஹெல்த் விசிட்டர் அக்காவும் சமயபுரம் பஸ்ஸில் ஏறினோம். அக்காவின் கால் படாத தெருவே அந்த வட்டாரத்தில் இல்லை என்று பெயர். ஆனால் எங்கள் கையில் இருந்தது ஒரு பெண்ணின் பெயரும் ஊரும்தான். அந்த ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்புவார்கள். போதாததற்கு நான் அடையாளம் வேறு சொன்னேன்: மொட்டை போட்ட பெண்.

தேங்காய்க்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சமயபுரத்துல வந்து மொட்டையைத் தேடறீங்களே,” என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

ஒரு மணி நேரம் தெருத்தெருவாகச் சுற்றினோம். வெயிலில் எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வர, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் இப்போது காய்ச்சலில் கிடக்குமோ, மூச்சு வாங்குமோ என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்தது, நான் தலையாட்டியது, இது இரண்டும் திரும்பத் திரும்ப வந்தது. வேறென்ன சொன்னார் அன்றைக்கு? மூன்று சந்தை. நேற்றோடு மூன்று. வாரத்துக்கு ஒரு சந்தை என்றால் சரியாக இருபத்தோரு நாள். சந்தைக்குப் போகிற யாரும் சந்தையை வைத்து நாளைச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பையில் கருவாட்டு வாசனை அடித்ததே.

“இங்க சந்தையில கருவாடு விக்கிற அம்மா யாராவது இருக்காங்களா?” என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

“கோயில் ஊர்ல கருவாடா?” என்றவர், பிறகு டம்ளரால் லால்குடி ரோட்டைக் காட்டினார். “அந்தப் பக்கம் ஒருத்தங்க இருக்காங்க. ஊரைக் கேட்டா சமயபுரம்னுதான் சொல்லுவாங்க. சந்தை சந்தையாப் போவாங்க. நாலாவது பஸ் ஸ்டாப்புல இறங்கிக் கேளுங்க.”

நாலாவது ஸ்டாப்பில் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வாசனையே கூட்டிக்கொண்டு போய்விட்டது. வாசலில் சாக்கு விரித்து அந்த அம்மா கருவாட்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். எழுந்திருக்கவில்லை.

“உங்க பொண்ணு எப்படி இருக்குங்க?” என்றேன். 

“இருக்கு. ஏன், இப்ப மெஷின் வரச் சொல்லுதா?”

வேப்பமரத்து நிழலில் ஒரு பெண் உட்கார்ந்து சொப்பு விளையாடிக்கொண்டிருந்தது. தலையில் முள்ளுமுள்ளாக இரண்டு மாத முடி. மண்ணைக் குழைத்துச் சோறாக்கி, வரிசையாக வைத்திருந்த சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. ரப்பர் மூடி போட்ட குப்பிகள். நான் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பென்சிலின். மூன்று குப்பிகள் இருந்தன.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். 

“நீங்க வேணாம்னு சொல்லிட்டீங்க,” என்றார் அந்த அம்மா. “எனக்கு நாள் தெரியாதா? ஊசி தவறக் கூடாது, தவறினா நெஞ்சுல வந்துடும்னு அந்த டாக்டரம்மா எத்தனை தடவை சொல்லியிருக்காங்க. அவங்க எழுதிக் குடுத்த மருந்துச் சீட்டு கையில இருந்துச்சு. அன்னிக்கே பஸ் ஏறி லால்குடி போயிட்டேன். அங்க ஒரு டாக்டரு சீட்டைப் பாத்துட்டு, டெஸ்ட்டு வச்சுப் பாத்துப் போட்டு விட்டாரு. அதுக்கப்புறம் மூணு சந்தைக்கு ஒருதரம் அங்கதான் போறோம். அடுத்த ஊசி வர்ற சந்தைக்கு மறுநாளு.”

நான் தப்பு செய்துவிட்டேன் என்று சொன்னேன். இரண்டு பிள்ளைகளை ஒன்றாக்கிவிட்டேன் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே கருவாட்டைத் திருப்பிப் போட்டார். “அவ ரெண்டு சடை போட்டிருப்பாளே, அந்தப் பொண்ணா?” என்றார். “வரிசையில பாத்திருக்கேன். எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

அக்கா காரியக்காரி. பையிலிருந்து புதுக் கார்டை எடுத்தார். “இந்தத் தடவை எல்லாத்தையும் சரியா எழுதிக்குவோம். பொண்ணோட அப்பா பேரு சொல்லுங்க.”

அந்த அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கம்பக்கத்தில் யாரையாவது கூப்பிடலாமா என்று அக்கா எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போது வேப்பமரத்தடியிலிருந்து, சோறாக்குவதை நிறுத்தாமலே, அந்தப் பெண் அப்பாவின் பெயரைச் சொன்னது. இனிஷியலோடு, ஸ்கூலில் ஆஜர் சொல்கிற மாதிரி சத்தமாக.

எனக்கு மேலப்புதூர் ரேஷன் கடை வந்துவிட்டது. முதுகில் அம்மாவின் கை விழுந்த மாதிரியே இருந்தது. இத்தனை மாதமாகக் கவுண்டரில் இந்தப் பெண் நின்றுகொண்டுதான் இருந்தது. கவுண்டர்காரர் அதன் தலைக்கு மேலே அம்மாவிடம் கேட்டார். அம்மா பேசவில்லை. அவர் கோடு போட்டார். நான் அந்தக் கோட்டை ஏற்க மாட்டேன் என்று மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஊசி யாருக்கோ அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. எட்டு வயதில் எனக்குத் தெரிந்திருந்த விஷயம் அது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அம்மாவும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அன்றைக்கே அவர்களைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா அந்தப் பெண்ணின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். முன்பக்கம் கேட்டார், பக்கவாட்டில் படுக்க வைத்துக் கேட்டார், முதுகில் கேட்டார். டைப்பிஸ்ட் வாசலில் நின்று வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். “பழைய கசிவு அப்படியேதான் இருக்கு. கூடலை,” என்றார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, “நீங்க பெரிய காரியம் பண்ணியிருக்கீங்க,” என்றார். என்னைத் திட்டுவதாகச் சொல்லியிருந்தார் அல்லவா, அதை மறந்துவிட்டார் போலிருந்தது. நான் ஞாபகப்படுத்தவில்லை. ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காவேரிப் பாலம் தாண்டுகிற வரைக்கும் அழுதேன். இவ்வளவு சந்தோஷமாக நான் அழுதது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த வாரம் முழுக்க டைப்பிஸ்ட்டும் நானும் ஒன்றாக உட்கார்ந்து, தெய்வத்தின் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கட்டங்களைக் காலியாக்கினோம். காலியாக விட்டால் மெஷின் இனிமேல் கத்தாது. தானாக எந்தக் கார்டையும் சேர்க்காது, சந்தேகம் என்று மட்டும் காட்டும், ஆளைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். “பெருமாளை எடுத்துட்டேளே,” என்று அவர் ஒரு தடவை சொன்னார். அவ்வளவுதான்.  கவுண்டர்காரரிடம், அப்பா பெயரைப் பிள்ளையிடம் கேளுங்கள் என்று சொன்னேன். சின்னப் பிள்ளைகள் உளறுமே என்று அவர் தலையைச் சொறிந்தார்.

அடுத்த சந்தைக்கு மறுநாள் காலையில் நான் கவுண்டர் பக்கம் போய் நின்றுகொண்டேன். அன்றைய பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. வரிசை வாசல் வரைக்கும் நீண்டிருந்தது. அந்த அம்மா வந்து நின்றார், பையில் அதே வாசனை. கவுண்டர்காரர் தலையை நிமிர்த்துவதற்குள், அந்தப் பெண் குதிகாலை உயர்த்தி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தது. வரிசையே திரும்பிப் பார்த்தது. கவுண்டர்காரர் எழுதிக்கொண்டார். பின்னால் நின்றிருந்த அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, தங்கள் பிள்ளைகளின் முதுகில் தட்டி முன்னால் தள்ளிவிட்டார்கள்.